நாற்பத்தேழாவது கவர்

கதவு இரண்டு தடவை ஆடி நின்றது. மூன்றாம் தியேட்டர் கதவு எப்போதும் இரண்டு தடவைதான் ஆடும் என்று பிரம்மசக்திக்குத் தெரியும், பதினொரு வருஷமாக அதைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறவள் அவள், மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர்களுக்குக் குழாயும் ஊசியும் எடுத்து நீட்டுகிற டெக்னீஷியன். ஆனால் அந்தக் கதவு ஆடி நிற்பதை வெளிப்பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. தினமும் உடை மாற்றுகிற அதே அறை, அதே இரும்பு ஸ்டூல், ஆணியில் தொங்குகிற தன்னுடைய பச்சை உடுப்பு. அவள் மட்டும் பூப்போட்ட சேலையில் இருந்தாள், யாரோ விருந்தாளி மாதிரி. "இன்னைக்கு நீங்க அம்மா மட்டும்தான் அக்கா, கோட்டுக்கு இந்தப் பக்கமே இருங்க" என்று இன்றைக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் ஃபர்ஹானா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தரையில் சிவப்பு பெயின்டில் போட்ட கோடு. அதைத் தாண்டக் கூடாது என்று எத்தனை அப்பாமாரை, எத்தனை அம்மாமாரை இவளே விரட்டியிருக்கிறாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் ஆறு வயசு முத்தரசி. தூக்கிக்கொண்டு போகும்போது அழவில்லை. "நீ பக்கத்துலயே இருப்பேல்லா?" என்று மட்டும் கேட்டாள். இருப்பேன் என்று இவள் சொன்னாள். பக்கத்தில்தான் இருக்கிறாள், பன்னிரண்டு அடி இருக்குமா, பதினைந்து இருக்கும்.

உள்ளே மானிட்டர் கூவிக்கொண்டிருந்தது. டிங், டிங், டிங். விரலில் மாட்டிய கிளிப் நாடித்துடிப்பைச் சத்தமாகச் சொல்லும், ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருந்தால் சத்தம் மேல் ஸ்தாயியில் இருக்கும், குறையக் குறையக் கீழே இறங்கும். திரையைப் பார்க்காமலே காதை வைத்துக்கொண்டு தொண்ணூற்றொன்பதா தொண்ணூற்றைந்தா என்று சொல்லிவிடுவாள் பிரம்மசக்தி. இது தொண்ணூற்றொன்பது. நல்ல சத்தம். இப்போது மயங்கியிருப்பாள், இப்போது வாயைத் திறந்திருப்பார்கள், இப்போது அந்த மாஸ்க் உள்ளே போயிருக்கும். முகத்தில் வைக்கிற மாஸ்க் இல்லை, தொண்டைக்குள் இறங்கிக் குரல்வளைக்கு மேலே கவிழ்ந்து உட்காருகிறது, வாழைப்பூவின் உள்மடல் மாதிரி வழவழவென்று, இரண்டாம் நம்பர், பதினேழு கிலோவுக்கு அதுதான். டியூப் என்றால் அஞ்சரை நம்பர், அது குரல் நாண்களுக்கு நடுவே புகுந்து மூச்சுக்குழலுக்குள்ளேயே போய்விடும். டியூப் கெட்டி, நகராது, ஆனால் எடுக்கும்போது பிள்ளைகள் இருமும், தொண்டை கட்டிக்கொள்ளும். மாஸ்க் இதமானது, ஆனால் கண் ஆபரேஷனில் டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அசைத்தால் விலகிவிடும், விலகினால் துணிக்கு அடியில் கையை விட்டுச் சரிசெய்ய வேண்டும். எது நல்லது? அதைத்தான் ஃபர்ஹானா இரண்டு வருஷமாகப் பார்க்கிறாள், மேற்படிப்பு முடிக்க அவளுக்குக் கொடுத்த ஆராய்ச்சி அது. அறுபது பிள்ளைகள், முப்பது பேருக்கு மாஸ்க், முப்பது பேருக்கு டியூப், யாருக்கு எது என்பது ஒட்டிய கவருக்குள் இருக்கும், அன்றைக்குக் காலையில்தான் பிரிப்பார்கள். யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது, டாக்டரும் கூடாது, தாயும் கூடாது. எது நல்லது என்று தெரிந்தால் எதற்குச் சீட்டுக் குலுக்கல், தெரியாததனால்தானே சீட்டு. இதைப் பெற்றோருக்கு விளக்கிக் கையெழுத்து வாங்குவது டாக்டரின் வேலை. ஆனால் டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும் எல்லோரும் திரும்பி இவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "பயப்படாதீய, ரெண்டும் ஒண்ணுதான்" என்பாள். நாற்பத்தாறு தடவை சொல்லியிருப்பாள். போன மாசம் கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒருத்தி, மீன் கூடை சுமந்து சுமந்து கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தவள், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "ஒம் பிள்ளைன்னா எதை யம்மா வைப்ப?" இவள் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "எது வந்தாலும் வைப்பேன்" என்றாள். அந்தப் பொம்பளை நம்பிக் கையெழுத்துப் போட்டாள். டியூப் வந்தது. பிள்ளை நன்றாகத்தான் போனான், சாயங்காலம் பன் தின்றான். அப்புறம் தன் பிள்ளைக்கு என்று வரும்போது எப்படி மாட்டேன் என்பது? ஃபர்ஹானா கேட்டாள்தான், கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது. "அக்கா, உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம், ஒண்ணும் கட்டாயமில்ல. நெல்லையப்பன் சார் வழக்கமா எதைப் போடுவாரோ அதைப் போட்டுருவோம்." வேண்டாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த மீன்காரியின் கழுத்து ஞாபகம் வந்தது. போட்டாள் கையெழுத்து.

நாற்பத்தேழாவது கவரை ஃபர்ஹானா காலையில் இவள் முன்னாலேயே கிழித்தாள். மாஸ்க் என்று இருந்தது. அப்போது நெஞ்சுக்குள் ஒரு கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்ததே, அது ஏன் என்று ஃபர்ஹானாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கவரையே பிரித்திருக்க மாட்டாள். டிங், டிங். இதை நினைக்க வேண்டாம். வேறு எதையாவது நினைக்கலாம். ஆணியில் தொங்குகிற பச்சைச் சட்டையின் இரண்டாவது பித்தான் போய் ஒரு வாரம் ஆகிறது, தைக்க வேண்டும். புருஷன் செந்தூர்பாண்டிக்குப் போன் பண்ண வேண்டும், அவன் கன்டெய்னர் லாரியை எடுத்துக்கொண்டு ஓசூர்ப் பக்கம் எங்கேயோ போய்க்கொண்டிருப்பான், முடிந்ததும் கூப்பிடு என்றான், முடிந்ததும் என்றால் என்ன சொல்வது, முடிந்தது என்று. மாஸ்க் வந்ததில் ஏன் ஆறுதல்? சளி பிடித்த தொண்டைக்கு டியூப் ஆகாது, மாஸ்க் என்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் என்று மயக்க மருந்து சொல்லிக்கொடுக்கிற நெல்லையப்பன் சார் ஒருதடவை மாணவர்களுக்குச் சொல்லும்போது இவள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். அதனால்தான். முத்தரசி இருமினாள். போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை ஆரம்பித்தது, மூன்று நாள், மூக்கிலும் வடிந்தது, ஞாயிற்றுக்கிழமை நின்றுவிட்டது. நின்றதிலிருந்து இன்றைக்கு வரைக்கும் எண்ணினால் ஒன்பது நாள். இரண்டு வாரம் கழிய வேண்டும். அந்தக் கேள்வி தாளிலேயே அச்சடித்திருக்கிறது, ஐந்தாவது கேள்வி, 'ரெண்டு வாரத்துக்குள்ள சளி, இருமல், காய்ச்சல் எதுவும் உண்டா?' எத்தனை பேர் மறைப்பார்கள் என்று இவளுக்குத் தெரியும். "மறைக்காதீய, அப்புறம் உள்ள வச்சு மூச்சு அடைச்சா யாரு பதில் சொல்லுவா?" என்று அதட்டியிருக்கிறாள், ஒரு அப்பாவை அழ வைத்திருக்கிறாள். ஃபர்ஹானா அந்தக் கேள்விக்கு வந்தபோது தலையைக் கூட நிமிர்த்தவில்லை, இவளிடம் கேட்பதே சம்பிரதாயம் என்கிற மாதிரி, பேனா ஏற்கெனவே 'இல்லை' என்ற கட்டத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. "இல்ல மேடம்" என்றாள் இவள். ஒரு சொல்தான். ஃபர்ஹானா பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது, சுத்தமாகத்தான் இருந்தது, ஒன்பது நாள் என்பது கிட்டத்தட்ட பத்து நாள், பத்து நாள் என்பது...

டிங். டிங்... டிங்.

நிதானமாகிவிட்டது. சத்தம் இறங்கவில்லை, இடைவெளி மட்டும் கூடியிருக்கிறது. பிரம்மசக்தி எழுந்து நின்றாள், உடனே உட்கார்ந்தாள். இது கண் தசையை இழுக்கிறபோது வருவது. கண்ணில் கொக்கியை மாட்டி இழுத்தால் இதயம் மெதுவாகும், ஏன் கண்ணுக்கும் இதயத்துக்கும் இப்படி ஒரு கயிறு போட்டு வைத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும், இழுப்பதை விட்டால் சரியாகிவிடும். விடுவார்கள். "சார், ஒரு நிமிஷம் விடுங்க" என்று ஃபர்ஹானாவின் குரல், சாதாரணமாகத்தான் இருந்தது. டிங், டிங், டிங். விட்டுவிட்டார்கள். இடது கண். பிறந்து எட்டு மாசத்திலேயே உள்பக்கமாக ஒதுங்கிவிட்டது. மாறுகண் பிள்ளை வீட்டுக்கு யோகம், கை வைக்காதே என்று நாத்தனார் சொன்னாள், செந்தூர்பாண்டியும் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினான். கண்ணாடி போட்டார்கள், நல்ல கண்ணுக்கு ஒட்டுப் போட்டார்கள், ஒன்றும் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, 'ஏட்டி, நீ என்னையப் பாக்கியா, அவளைப் பாக்கியா' என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு முத்தரசி யாரிடம் பேசினாலும் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். கடைக்காரரிடம் மிட்டாய் கேட்கும்போது, சாமி கும்பிடும்போது கூட, ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டு ஒரு கையால் மூடிக்கொண்டு. அதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? ஆபரேஷனுக்கு முதலில் குறித்த தேதி ஏசி பழுது என்று தள்ளிப்போயிற்று. இரண்டாவது தேதியில் கண் டாக்டர் லீவு. இதையும் விட்டால் இனி இரண்டு மாசம் கழித்துத்தான், அதற்குள் அந்தக் கண் சோம்பேறியாகிப் பார்வையையே விட்டுவிடும் என்று டாக்டரே சொன்னார். அதனால் இல்லை என்று சொன்னாள். அதனால்தான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பிள்ளைக்காகத்தான் சொன்னாள். ஆனால் பிள்ளையிடம் கேட்டா சொன்னாள்?

ஃபோன் சேலை மடிப்புக்குள் அதிர்ந்தது. அவன்தான். எடுக்கவில்லை. எடுத்தால் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாது. அதிர்ந்து அதிர்ந்து நின்றது. நின்ற பிறகு சத்தத்தில் ஏதோ ஒன்று மாறியிருந்தது. என்ன மாறியது என்று முதலில் பிடிபடவில்லை, சுதி விலகுகிற மாதிரி, யாரோ கிணற்றுக்குள் ஒரு படி இறங்கி நின்று கூப்பிடுகிற மாதிரி. தொண்ணூற்றாறு. இல்லை, ஏசி சத்தமாக இருக்கும். தொண்ணூற்றுநாலு. விரல் கிளிப் நழுவியிருக்கும், சின்ன விரல்களில் நழுவும், செல்லையா அண்ணன்தான் இன்றைக்கு இவளுக்குப் பதிலாக நிற்கிறார், ஓய்வு பெற ஏழு மாசம் இருக்கிறது, நல்லவர், ஆனால் கிளிப்புக்கு மேலே பிளாஸ்திரி ஒட்ட மாட்டார். தொண்ணூறு. "மாஸ்க் விலகிருச்சா பாருங்க" என்று யாரோ. "விலகல. பேக் போகல சார், பேக் கல்லு மாதிரி இருக்கு" என்று ஃபர்ஹானா, இப்போது அந்தக் குரல் சாதாரணமாக இல்லை. பேக் போகவில்லை என்றால் கையில் பிடித்து அழுத்துகிற மூச்சுப்பையின் காற்று உள்ளே போகவில்லை. மாஸ்க் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, அதற்குக் கீழே குரல்வளை தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. சளி பிடித்த தொண்டை செய்கிற வேலை. நெஞ்சு ஏறும், கழுத்துக்குழி உள்ளே வாங்கும், காற்று மட்டும் போகாது. எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், பார்த்துக்கொண்டே கையை நீட்டியிருக்கிறாள், கையில் எப்போதும் தயாராக ஸ்கோலின் சிரிஞ்ச் இருக்கும், தசையைத் தளர்த்தித் தாழ்ப்பாளைத் திறக்கிற மருந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னாலேயே இழுத்து வைத்துவிடுவாள். செல்லையா அண்ணன் இழுத்து வைத்திருப்பாரா? "சும்மா எதுக்குப் பிரிச்சு வீணாக்கணும்" என்று சொல்லுகிற ஆள். அது ஃபிரிட்ஜில் இருக்கும், இரண்டாம் தட்டில், நீலப் பெட்டிக்குப் பின்னால், நீலப் பெட்டிக்குப் பின்னால் அண்ணே, முன்னால் இல்லை, நேற்று நான்தான் நகர்த்தி வைத்தேன். எண்பத்தஞ்சு. எழுந்து எப்போது கோட்டருகே வந்தாள் என்று தெரியவில்லை, கால் பெருவிரல் சிவப்புக் கோட்டின் மேல் இருந்தது. உள்ளே போகலாம். இரண்டு எட்டு. போனால் என்ன ஆகும்? எல்லோரும் ஒரு நொடி இவளைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நொடியும் முத்தரசியுடையது. யாராவது ஒருவர் இவளைப் பிடித்து வெளியே தள்ள வேண்டியிருக்கும், அந்தக் கை அங்கே வேண்டும். தாய் உள்ளே வந்து கலவரப்படுத்திய கதைகளை இவளே கேலியாகச் சொல்லியிருக்கிறாள் டீ குடிக்கும்போது. எண்பது. அதற்குக் கீழே அந்தச் சத்தம் இப்படி இருக்கும் என்று தெரியும், ஆனால் இப்படி என்று தெரியாது. சத்தம் நிதானமாகவும் ஆகத் தொடங்கியது, இந்தத் தடவை கண்ணை யாரும் இழுக்கவில்லை. "மேடம்" என்று கத்தினாள். அவள் குரல்தானா. "மேடம், அவளுக்குச் சளி இருந்துச்சு! இருமுனா மேடம், ஒம்பது நாளைக்கு முன்னால இருமுனா, நான்தான் சொல்லல!" கதவு அசையவில்லை. சொன்னதால் உள்ளே எந்தக் கையும் வேகமாகாது, அந்த மருந்து அதே மருந்துதான், அந்தத் தொண்டை அதே தொண்டைதான், சொல்ல வேண்டிய நேரத்தில் ஒரு சொல் போதுமாக இருந்தது, இப்போது எத்தனை சொன்னாலும் ஒன்றுக்கும் ஆகாது, இருந்தும் அவள் சொல்லிக்கொண்டே நின்றாள், ஒம்பது நாள் மேடம், ஒம்பது நாள். "ஸ்கோலின் ஏத்தியாச்சு" என்றார் செல்லையா அண்ணன் உள்ளே. "மாஸ்க்கை எடுங்க. டியூப், அஞ்சரை" என்றாள் ஃபர்ஹானா. மருந்து வேலை செய்ய முக்கால் நிமிஷம் ஆகும். முக்கால் நிமிஷம் என்றால் நாற்பத்தஞ்சு. எண்ணலாம் என்று பார்த்தாள், ஏழுக்குப் பிறகு என்ன வரும் என்று ஞாபகம் வரவில்லை. கதவில் வட்டக் கண்ணாடி இருக்கிறது, எட்டிப் பார்த்தால் தெரியும், அவள் பார்க்கவில்லை. வெளியே வராந்தாவில் யாரோ ஒரு வண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள், அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது, எண்ணெய் விட மாட்டார்களா என்று நினைத்தாள், இந்த நேரத்தில் அதையும் நினைக்கிற மனசு என்ன மனசு. கீழ்ச் சுதியில் ஒரு டிங். காத்திருந்தாள். இன்னொன்று. அது கீழேயே நின்றது, வெகு நேரம் கீழேயே நின்றது, கிளிப் எப்போதும் தாமதமாகத்தான் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும், காற்று போன பிறகும் அரை நிமிஷம் கழித்துத்தான் விரலுக்கு வரும், தெரியும், தெரியும். பிறகு ஒரு அரைப் படி ஏறியது. இன்னொரு அரைப் படி. அவள் சுவரில் சாய்ந்தாள். தொண்ணூறு. தொண்ணூற்றஞ்சு. சேலை முழுக்க நனைந்திருந்தது, வேர்வை என்றுதான் நினைத்தாள், இல்லை, அவள் அறியாமலே மூத்திரம் போயிருந்தது.

இருபத்தஞ்சு நிமிஷம் கழித்து ஃபர்ஹானா வெளியே வந்தாள். தொப்பி நெற்றியில் அழுந்தி ஒரு கோடு விழுந்திருந்தது. இருபத்தெட்டு வயசுக்காரி, அப்போது இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். "நல்லா இருக்கா" என்றாள் முதலில், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "கண்ணு வேலை முழுசா முடிஞ்சிருச்சு. டியூபையும் எடுத்தாச்சு, நல்லா மூச்சு விடுறா." பிரம்மசக்தி தலையை ஆட்டினாள். "நீங்க கத்துனது கேட்டுச்சு அக்கா." "ம்." "ஒம்பது நாளா?" "ஒம்பது." திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஃபர்ஹானா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "கண் டாக்டர் கொக்கியைத் திரும்ப மாட்டும்போது மயக்கத்தோட ஆழம் கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. நான் கூட்டியிருக்கணும். அதனாலயும் வந்திருக்கலாம்." "சளியாலதான் மேடம்." "தெரியல அக்கா. எனக்கு நிஜமாவே தெரியல." தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "டியூபே வந்திருந்தா?" என்று பிரம்மசக்தி கேட்டாள். "அதுவும் தெரியாது. ஒருவேளை உள்ள இருக்கும்போது நல்லாருந்துட்டு எடுக்கும்போது அடைச்சிருக்கும். ஒருவேளை ஒண்ணுமே ஆகியிருக்காது." எழுந்தாள். "இதை நான் எழுதணும் அக்கா. சளியையும் எழுதணும். இவளை ஆராய்ச்சியில வச்சுக்கலாமா எடுத்துடணுமான்னு நெல்லையப்பன் சார்தான் சொல்லணும்." "எழுதுங்க மேடம்." "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள் ஃபர்ஹானா போகும்போது, மெதுவாக, கோபமே இல்லாமல். திட்டியிருக்கலாம்.

விழிப்பு அறையில் ஜன்னல் பக்கக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். இடது கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது, உதட்டோரம் காய்ந்த எச்சில், கன்னத்தில் பிளாஸ்திரி உரித்த சிவப்பு. ஆக்சிஜன் வருகிற பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பிரம்மசக்தி மூக்குக்கு நேரே பிடித்தாள். முத்தரசி தலையைத் திருப்பித் தள்ளினாள். திரும்பப் பிடித்தாள். திரும்பத் தள்ளினாள், தூக்கம் கலையாத கையால், பலமே இல்லாமல். "தண்ணி" என்றாள். குரல் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. நாளைக்கு வந்துவிடும், நாளை மறுநாள் நிச்சயம் வந்துவிடும், மாஸ்க், டியூப் இரண்டும் ஒரே நாளில் தொண்டைக்குள் போய் வந்தால் இப்படித்தான். "இப்பக் குடுக்கக் கூடாது தங்கம், ரெண்டு மணி நேரம் ஆகட்டும்." பிள்ளை அழுதாள், அந்த அழுகைக்கும் சத்தம் இல்லை, வாய் மட்டும் கோணியது. பக்கத்துக் கட்டில் நர்ஸ் எட்டிப் பார்த்து, திரையில் நல்ல எண்தான் இருக்கிறது என்று கண்டு போய்விட்டாள். நல்ல எண்தான். தொண்ணூற்றெட்டு. ஃபோன் மறுபடியும் அதிர்ந்தது, இரண்டு கையும் கிண்ணத்தில் இருந்தது. திறந்திருந்த ஒரு கண் கொஞ்ச நேரம் கூரையில் அலைந்து இவள் முகத்துக்கு வந்து நின்றது.

"கூப்ட்டேன்" என்றாள் முத்தரசி.

மயக்கத்தில் இருக்கிற பிள்ளை கூப்பிடாது. தொண்டையில் மாஸ்க் இருக்கும்போது குரலே எழாது. முழிப்பு வருகிற நேரத்தில் கண்ட கனவாக இருக்கும், பிள்ளைகள் இப்படித்தான் சொல்லும், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று எத்தனையோ தாய்மாருக்கு இவளே சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"கேட்டுச்சு தங்கம்" என்றாள்.

"பின்ன ஏன் வரல?"

பிள்ளை கிண்ணத்தைத் தள்ளாமல், முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இவள் கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய், குழாய் எட்டுகிற தூரத்துக்கு, மண்டி போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தை மறுபடியும் மூக்குக்கு நேரே பிடித்தாள்.